இடது பக்கம் பணம், வலது பக்கம் கேஸ்

போன வாரம் என் பழைய ஐ.சி.யூ.வில் வேலை பார்க்கும் ஒரு பெண் போன் செய்தாள். திருச்சிப் பக்கத்துக்காரி. ஒஹாயோவில் நாங்கள் இருந்த அந்த மருத்துவமனையில் தமிழ் பேசும் நர்சுகள் மூன்று பேர்தான். அவளுக்கு நான் அக்கா. "அக்கா, சி.ஆர்.என்.ஏ. படிக்க சீட் கிடைச்சிருச்சு. போகவா, வேண்டாமா?" என்றாள். அறுவையின்போது மயக்க மருந்து கொடுக்கும் நர்சுக்கான மேற்படிப்பு அது. சந்தோஷப்பட வேண்டிய செய்தி, ஆனால் குரல் கம்மியிருந்தது. என்னாலும் சட்டென்று பதில் சொல்ல முடியவில்லை. ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வா, உட்கார்ந்து பேசலாம் என்று சொல்லி வைத்தேன். அவளிடம் சொல்ல வேண்டியதை முதலில் எழுதிப் பார்க்கிறேன். அவளைப் போல யோசித்துக்கொண்டிருக்கும் வேறு யாருக்காவது உதவலாம்.

நம் ஊரில் மயக்க மருந்து என்றால் டாக்டர்தான். அதனால் நான் இந்தப் படிப்பில் சேர்ந்தபோது சொந்தக்காரர்கள் எல்லாரும் "டாக்டருக்கா படிக்கிற?" என்றே கேட்டார்கள். அமெரிக்காவில் இந்த வேலையை நர்சுகள் 1870-களிலிருந்தே செய்கிறார்கள். பென்சில்வேனியாவில் ஈரீ என்ற ஊரின் மருத்துவமனையில் 1877-இல் சிஸ்டர் மேரி பெர்னார்ட் என்ற கன்னியாஸ்திரி மயக்கம் கொடுக்கத் தொடங்கினார். மினசோட்டாவின் மேயோ மருத்துவமனையில் ஆலிஸ் மகாவ் என்ற நர்ஸ் 14,000 பேருக்கு மயக்கம் கொடுத்த அனுபவத்தை 1906-இல் எழுதினார். அதில் மயக்க மருந்தால் ஒரு மரணம்கூட இல்லை. ஒஹாயோவின் கிளீவ்லாந்தில் லேக்சைடு மருத்துவமனையில் 1915-இல் இதற்கென்று பள்ளி தொடங்கிய அகதா ஹாட்ஜின்ஸ்தான் 1931-இல் அதே ஊரில் மயக்கவியல் நர்சுகளின் தேசியச் சங்கத்தையும் தொடங்கினார். நான் அந்தப் பக்கத்தில்தான் படித்தேன். இரவு வீடு திரும்பும்போது இவர்களை நினைத்துக்கொள்வேன். கொஞ்சம் தெம்பு வரும்.

சரி, என் கதைக்கு வருகிறேன்.

நான் தென்காசிப் பக்கம். 2003-இல் பி.எஸ்சி. நர்சிங் சேர்ந்தபோது அம்மா தன் ஆறு வளையல்களில் நான்கை அடகு வைத்தாள். மிச்சம் இரண்டும் கைக்கு ஒன்றாக இருந்ததால் அதுவரை கேட்ட சத்தம் நின்றுபோனது. அடுப்படியிலிருந்து வரும் அந்தச் சத்தம் இல்லாமல்தான் நான்கு வருஷம் படித்தேன். கடன் என்றால் எனக்கு நினைவுக்கு வருவது அதுதான்.

கல்யாணமாகி 2010-இல், கணவரின் வேலை விசாவைச் சார்ந்த எச்-4 விசாவில் இங்கே வந்தேன். வேலை பார்க்க அனுமதி கிடையாது. வீட்டில் இருந்தபடியே படித்து நர்ஸ் உரிமத்துக்கான என்கிளெக்ஸ் தேர்வை எழுதித் தேறினேன், ஆனாலும் வேலைக்குப் போக முடியவில்லை. கிரீன் கார்டு வரிசையில் காத்திருக்கும் எச்-1பி வேலை விசாக்காரர்களின் மனைவிக்கு அல்லது கணவருக்கு வேலை அனுமதி தரும் விதி 2015 மே மாதம்தான் நடைமுறைக்கு வந்தது. 2016-இல் வேலை, மறுவருஷம் ஐ.சி.யூ. மயக்கவியல் படிப்பில் சேர ஐ.சி.யூ. அனுபவம் ஒரு வருஷமாவது வேண்டும். எனக்கு நான்கு வருஷம் இருந்தது, தீவிர சிகிச்சை நர்சுகளுக்கான சி.சி.ஆர்.என். சான்றிதழும் இருந்தது. இல்லாதது பணம். மத்திய அரசின் மாணவர் கடன் பெரும்பாலும் குடிமக்களுக்கும் கிரீன் கார்டு உள்ளவர்களுக்கும்தான் கிடைக்கும். எங்களுக்குக் கிரீன் கார்டு 2021-இல் வந்தது. அதற்குள் படிப்பே நீண்டுவிட்டது. எனக்கு வழிகாட்டிய ஒரு மூத்த நர்ஸ் முதுகலைப் பட்டமாக 28 மாதத்தில் முடித்தவர். 2022 ஜனவரி 1-க்குப் பிறகு சேருகிறவர்கள் எல்லாரும் முனைவர் பட்டமாகத்தான் படிக்க வேண்டும், குறைந்தது 36 மாதம். நான் அந்த ஆகஸ்டில் சேர்ந்தேன்.

மூன்று வருஷத்தில் நான் வாங்கிய கடன் 1,68,000 டாலர். வருஷத்துக்கு 20,500 வரை சாதாரண மாணவர் கடனில் கிடைத்தது. மிச்சத்தை, மேற்படிப்புக்கு மத்திய அரசு தந்த கிராட் பிளஸ் என்ற கடனில் வாங்கினேன். முதல் வருஷம் அதன் வட்டி 7.54 சதவீதம், அடுத்த வருஷம் 8.05, கடைசி வருஷம் 9.08. கையில் தருவதற்கு முன்பே நான்கு சதவீதத்துக்கு மேல் கட்டணம் என்று பிடித்துக்கொள்வார்கள். கோவிட் சமயத்தில் நிறுத்தி வைத்திருந்த வட்டி 2023 செப்டம்பர் 1 முதல் மறுபடி ஓட ஆரம்பித்தது. படித்துக்கொண்டிருக்கும்போதே அது ஏறிக்கொண்டே இருந்தது. பட்டம் வாங்கிய அன்று 1,87,000-ஐ நெருங்கியிருந்தது.

அதைவிடப் பெரிய தொகை, வராமல் போன சம்பளம். ஐ.சி.யூ.வில் எனக்கு வருஷத்துக்கு 82,000 டாலர் கிடைத்துக்கொண்டிருந்தது. படிக்கும் காலத்தில் வேலைக்குப் போகமாட்டேன் என்று கையெழுத்துப் போட்டுத்தான் சேர்ந்தேன். மூன்று வருஷத்துக்கு அது கிட்டத்தட்ட 2,46,000. யாரும் பில் அனுப்பாத செலவு என்பதால் இதைப் பலர் கணக்கிலேயே எடுப்பதில்லை.

"முடிச்சதும் அடைச்சிரலாம்" என்று எல்லாரும் சொல்வார்கள். காகிதத்தில் பார்த்தால் உண்மைதான். அமெரிக்கத் தொழிலாளர் புள்ளிவிவரத் துறையின் 2024 மே கணக்குப்படி பதிவுபெற்ற நர்சின் இடைநிலைச் சம்பளம் 93,600 டாலர், மயக்கவியல் நர்சின் சம்பளம் 2,23,210. ஆனால் இந்தக் கணக்கு படிப்பை முடித்தால்தான் சரியாக வரும். இரண்டாம் வருஷத்தில் வெளியே அனுப்பினால் பழைய நர்ஸ் சம்பளம்தான், கடன் மட்டும் அப்படியே இருக்கும். மாணவர் கடனை திவால் சொல்லித் தள்ளுபடி செய்வதும் இங்கே மிகக் கடினம். எங்கள் வகுப்பில் ஒரு பெண் ஐந்தாவது செமஸ்டரில் போனாள். எங்களில் யாரையும்விடத் திறமைசாலி. அவள் நாற்காலி காலியான அந்தத் திங்கட்கிழமையிலிருந்து நாங்கள் எல்லாரும் வேறு மாதிரி உட்கார்ந்தோம்.

நான் சேர்ந்த நாளிலேயே ஒரு நோட்டு போட்டேன். இடது பக்கம் பணம், வலது பக்கம் அன்றைக்குப் பார்த்த கேஸ். குறைந்தது 600 கேஸ் முடிக்க வேண்டும் என்பது விதி. மளிகை எவ்வளவு, பெட்ரோல் எவ்வளவு, அம்மாவுக்கு அனுப்பும் 300 டாலரை எந்த மாதத்திலிருந்து 150 ஆக்கினேன், எந்த மாதத்திலிருந்து நிறுத்தினேன் எல்லாம் அதில் இருக்கிறது. பண விஷயத்தில் வீட்டில் எதையும் மறைப்பதில்லை என்று பேசி வைத்திருந்தோம். ஆனாலும் கணவரின் கம்பெனியில் பாதி டீமை வேலையை விட்டு அனுப்பியதை அவர் இரண்டு வாரம் எனக்குச் சொல்லவில்லை. என் மருந்தியல் தேர்வு முடிந்த அன்று இரவு சாப்பிட உட்காரும்போது சொன்னார். அவர் வேலை தப்பியிருந்தது. அந்த இரண்டு வாரமும் அவர் தூங்கியிருக்கவில்லை என்பது பக்கத்தில் படுத்திருந்த எனக்குத் தெரியவில்லை.

மகளுக்கு நான் சேரும்போது ஏழு வயது. நான் எழுந்திருப்பது காலை நாலே கால் மணிக்கு. நான் கிளம்பும்போதும் தூங்குவாள், திரும்பும்போது பல நாள் தூங்கியிருப்பாள். ஈஸ்டர் சமயத்தில் கிளீவ்லாந்தில் நடக்கும் தியாகராஜ ஆராதனை எங்களைப் போன்ற குடும்பங்களுக்குப் பெரிய விழா, 1978-லிருந்து நடக்கிறது. மூன்று வருஷமும் அவள் அப்பாவோடுதான் போனாள். இரண்டாம் வருஷம் குழந்தைகளோடு சேர்ந்து பாடியதை வீடியோவில் பார்த்தேன், அதுவும் மருத்துவமனை கார் நிறுத்துமிடத்தில், வண்டிக்குள் உட்கார்ந்து.

வகுப்பும் ஆபரேஷன் தியேட்டரும் சேர்ந்து வாரத்துக்கு 64 மணி நேரத்தைத் தாண்டக் கூடாது என்று அங்கீகார அமைப்பின் விதி இருக்கிறது, நான்கு வாரச் சராசரியாகப் பார்ப்பார்கள். நல்ல விதி. ஆனால் மறுநாள் கேஸுக்கு வீட்டில் உட்கார்ந்து தயாராகும் நேரம் அதில் வராது. நோயாளியின் இதயம் எப்படி, சிறுநீரகம் எப்படி, என்ன மருந்து, என்ன அளவு, மூச்சுக்குழாய்க்குள் குழாய் போட முடியாவிட்டால் அடுத்து என்ன என்று கேஸுக்கு ஒரு திட்டம் எழுதிக்கொண்டு போக வேண்டும். மறுநாள் போனால் அந்தக் கேஸையே மாற்றியிருப்பார்கள்.

மனசு உடைவது எங்கே என்று கேட்டால், தெரிந்தவளாக இருந்து தெரியாதவளாக ஆகும் இடத்தில் என்பேன். ஐ.சி.யூ.வில் புதிதாக வரும் டாக்டர்கள் என்னிடம் வந்து கேட்பார்கள். தியேட்டரில் நான் முதல் தடவை குழாய் போட்டபோது அது உணவுக்குழாய்க்குள் போனது. நுரையீரலிலிருந்து மூச்சு வந்தால் திரையில் தெரிய வேண்டிய கார்பன் டை ஆக்சைடு அலை வரவில்லை. கூட நின்று கற்றுக்கொடுக்கும் மூத்தவரை பிரிசெப்டர் என்பார்கள். அவர் பேசாமல் என் கையிலிருந்து தொண்டைக்குள் பார்க்கும் கருவியான லாரிங்கோஸ்கோப்பை வாங்கி, மாஸ்க் வைத்து மூச்சுக் கொடுத்து, பிறகு சரியாகப் போட்டார். "ஐ.சி.யூ. நர்சா இருந்தியா?" என்று மட்டும் கேட்டார். பிரிசெப்டர் நாளுக்கு ஒருவர் மாறுவார். திங்கட்கிழமை சரி என்றது செவ்வாய்க்கிழமை தப்பாகும். ஒவ்வொரு மாலையும் அன்றைய மதிப்பீட்டை அவரிடம் கேட்டு வாங்க வேண்டும். மருத்துவமனையும் சில மாதங்களுக்கு ஒருமுறை மாறும். ஒரு சமயம் இரண்டு மணி நேரத் தூரத்தில் ஒரு ஊரில் அறை எடுத்துத் தங்கினேன். அதற்கும் வாடகை, அதுவும் கடனிலிருந்து.

இப்போது சொல்லப் போவதைத்தான் அந்தப் பெண்ணிடம் கட்டாயம் சொல்ல வேண்டும்.

இரண்டாம் வருஷக் கடைசியில் புது மருத்துவமனை ஒன்றுக்கு மாறியிருந்தேன். இரத்த அழுத்தம் விழுந்தால் கொடுக்க ஃபினைல்எஃப்ரின் என்ற மருந்தைத் தயாராக வைத்திருப்போம். முந்தைய இடத்தில் அது மருந்தகத்திலிருந்தே கலந்து சிரிஞ்சில் வரும், ஒரு மில்லிக்கு 100 மைக்ரோகிராம். புது இடத்தில் குப்பியாக வந்தது, ஒரு மில்லியில் 10 மில்லிகிராம். அதை 100 மில்லி சலைன் பையில் கலந்து அதிலிருந்து எடுத்தால்தான் அந்த அளவு வரும். நான் 10 மில்லி சிரிஞ்சிலேயே கலந்துவிட்டேன். இருக்க வேண்டியதைவிடப் பத்து மடங்கு செறிவு. கலக்கும்போதே எங்கோ இடித்தது. பக்கத்தில் பிரிசெப்டர் நின்றுகொண்டிருந்தார். ஒரு வார்த்தை கேட்டால் போதும்.

நான் கேட்கவில்லை. இரண்டு வாரத்துக்கு முன் ஒரு மதிப்பீட்டில் "தயாரிப்பு போதாது" என்று எழுதியிருந்தார்கள். இன்னொன்று அப்படி வந்தால் எச்சரிக்கைக் காலத்தில் வைப்பார்கள், அதில் தவறினால் வெளியே. அப்போது கடன் 1,12,000 டாலர். அந்த எண் அந்த நொடியில் என் கண்முன் வந்தது, பொய்யில்லை. லேபிளில் 100 மைக்ரோகிராம் என்று எழுதி ஒட்டினேன்.

பித்தப்பை அறுவைக்கு வந்திருந்த 62 வயது மனிதர். மயக்கம் கொடுத்ததும் அழுத்தம் விழுந்தது. சிரிஞ்சைக் கையில் எடுத்தேன். பிரிசெப்டர் மேசை மேல் இருந்த காலிக் குப்பியைப் பார்த்தார், சலைன் பை எதுவும் இல்லாததைப் பார்த்தார், என் கையைப் பிடித்தார். சிரிஞ்சை வாங்கித் தூரமாக வைத்துவிட்டு, அழுத்தத்தை ஏற்றும் வேறொரு மருந்தான எஃபிட்ரின் கொடுத்தார். அழுத்தம் ஏறியது. அறுவை நல்லபடியாக முடிந்தது, நோயாளி கண் விழித்துத் தன் மனைவியைக் கேட்டார்.

மாலையில் பிரிசெப்டர் என்னைத் தனியாக உட்கார வைத்தார். சந்தேகம் வந்ததா என்று கேட்டார். வந்தது என்றேன். ஏன் கேட்கவில்லை என்றார். அதற்கு என்னால் வாயைத் திறக்க முடியவில்லை. நோயாளிக்குப் பயந்து கேட்டிருக்க வேண்டியவள் கடனுக்குப் பயந்து வாயை மூடிக்கொண்டேன் என்பதை ஒரு மனுஷியிடம் எப்படிச் சொல்வது? அவர் காத்திருந்தார். கடைசியில் சொன்னேன், தொகையோடு சேர்த்துச் சொன்னேன். நடந்ததை மதிப்பீட்டில் அப்படியே எழுதினார், எதையும் குறைக்கவில்லை. அப்புறம், அடுத்த நாளிலிருந்து காலையில் மருந்து எடுத்து முடித்ததும் ஒவ்வொரு சிரிஞ்சாகக் கையில் எடுத்து, குப்பியில் எவ்வளவு, எதில் கலந்தேன், இப்போது எவ்வளவு என்று தன்னிடம் வாய்விட்டுச் சொல்லச் சொன்னார். ஆறு வாரம் சொன்னேன். இன்றைக்கும் தனியாக நிற்கும்போது முணுமுணுத்துக்கொள்கிறேன்.

பயந்தது போலவே எச்சரிக்கைக் காலம் வந்தது, எட்டு வாரம். அந்த எட்டு வாரம் நான் யாரிடமும் வாய் மூடவில்லை. தெரியாததைத் தெரியாது என்றேன். மதிப்பீடுகள் மோசமாகவில்லை, நன்றாகத்தான் ஆயின. ஆனால் எல்லா பிரிசெப்டரும் அவரைப் போல இருப்பதில்லை. கேள்வி கேட்டதற்கே மட்டம் தட்டி எழுதுகிறவர்களும் உண்டு. கழுத்தில் கடனைக் கட்டிக்கொண்டு நிற்கும் மாணவியை அப்படிப் பயமுறுத்துவது அவளோடு நிற்காது. மேசையில் படுத்திருக்கிறவர் வரைக்கும் போகும். பள்ளிகள் இதைப் பேசுவதில்லை என்பதில் எனக்கு உண்மையான கோபம் இருக்கிறது. நேர்முகத்தில் பணத்துக்கு ஏற்பாடு செய்துவிட்டாயா என்று கேட்டார்கள், ஆமாம் என்றேன், அவ்வளவுதான்.

இந்தத் தொழிலில் இன்னொரு ஆபத்தும் உண்டு. மனசு நொந்தவர்களின் கைக்கெட்டும் தூரத்தில் ஃபெண்டனில் என்ற வலிமருந்தும் புரோபோஃபோல் என்ற மயக்க மருந்தும் இருக்கின்றன. மயக்கவியல் நர்சுகள் சங்கத்தின் தலைவராக இருந்த ஜேன் ஸ்டூவர்ட்டே 2002-இல் மருந்து அளவு மீறி இறந்துபோனார். அதற்குப் பிறகு சங்கம் அவர் பெயரில் நலச் சொற்பொழிவு நடத்துகிறது, உதவிக்கென்று ஒரு தொலைபேசி இணைப்பையும் வைத்திருக்கிறது. எங்கள் பாடத்திட்டத்திலும் இது உண்டு. வகுப்பில் அதைக் கேட்டபோது யாரும் யாரையும் பார்க்கவில்லை. நான் அந்த எட்டு வாரத்தில்தான் ஒரு மனநல ஆலோசகரிடம் போனேன். நம் வீடுகளில் இதை வெளியே சொல்வதில்லை. நான் சொல்கிறேன், போனேன்.

மூன்றாம் வருஷம் அம்மா வாசலில் விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. திருநெல்வேலியில் அறுவை. போக முடியவில்லை. விடுமுறை நாட்கள் தீர்ந்திருந்தன, டிக்கெட்டுக்கும் பணம் இல்லை. அம்மாவுக்கு அங்கே முதுகுத்தண்டில் ஊசி போட்டுத்தான் செய்தார்கள். அந்த மாதம் நானும் இங்கே அதே ஊசியைத்தான் கற்றுக்கொண்டிருந்தேன். தம்பி போனைக் கொடுத்தபோது என்னால் பேச முடியவில்லை, அம்மாதான் பேசினாள். "நீ வந்து என்ன செய்யப் போற? படிப்பப் பாரு. இங்க ஒரு டாக்டரம்மா ஊசி போடுற வரைக்கும் என் கையப் புடிச்சிக்கிட்டே நின்னா, நல்ல புள்ள" என்றாள். மறுநாள் என் நோயாளியை முதுகு வளைத்து உட்கார வைத்தபோது, முன்னால் நின்ற நர்சிடம் அவர் கையைப் பிடித்துக்கொள்ளச் சொன்னேன். இப்போதும் சொல்கிறேன்.

2025 ஆகஸ்டில் முடித்தேன். கேஸ் கணக்கு 814. தேசியத் தேர்வில் 100 கேள்வியிலும் திரை நிற்கலாம், 170 வரைக்கும் போகலாம். எனக்கு 131-இல் நின்றது. தேறிவிட்டேன். 2026 பிப்ரவரியில், கடன் கட்டத் தொடங்கும் முன் தரும் சலுகைக் காலம் முடிந்து முதல் தவணை கட்டினேன். அம்மாவுக்கு மறுபடி அனுப்புகிறேன்.

என் கதை இப்படி. அந்தப் பெண்ணுடையது இதைவிடக் கடினம். 2025 ஜூலையில் வந்த சட்டப்படி, 2026 ஜூலை 1 முதல் புதிதாகச் சேருகிறவர்களுக்குக் கிராட் பிளஸ் கடனே கிடையாது. தொழில்முறைப் பட்டம் என்று ஒத்துக்கொள்ளும் படிப்புகளுக்கு வருஷத்துக்கு 50,000, மொத்தம் 2,00,000 வரை கடன் உண்டு. மற்ற மேற்படிப்புகளுக்கு வருஷத்துக்கு 20,500, மொத்தம் 1,00,000. கல்வித் துறை கூட்டிய குழு 2025 நவம்பரில் ஒப்புக்கொண்ட தொழில்முறைப் பட்டியலில் மருத்துவம், சட்டம், பல் மருத்துவம் எல்லாம் இருந்தன, நர்சிங் இல்லை. நான் வாங்கியபடி வாங்கினால் அவளுக்கு வருஷத்துக்கு 35,000 டாலருக்கு மேல் துண்டு விழும். அதற்குத் தனியார் வங்கியிடம் போக வேண்டும். வங்கி ஜாமீன் கேட்கும். இங்கே பெற்றோரோ அண்ணன் தம்பியோ இல்லாத நம்மைப் போன்றவர்களுக்கு யார் கையெழுத்துப் போடுவார்கள்? 20,500-உம் முனைவர் பட்டமும் ஒன்றுக்கொன்று பொருந்தவில்லை. 36 மாதம் கட்டாயம் என்று ஒரு பக்கம் நீட்டிவிட்டு இன்னொரு பக்கம் கடனைச் சுருக்கினால், யார் இந்தப் படிப்புக்கு வருவார்கள் என்பது எனக்குத் தெரியும். வீட்டில் பணம் இருக்கிறவர்கள் வருவார்கள்.

அவளைப் போகாதே என்று சொல்ல எனக்கு மனமில்லை. நல்ல நர்ஸ். ஒருமுறை நள்ளிரவில் ஒரு நோயாளியின் மூச்சில் வந்த மாற்றத்தை மானிட்டருக்கு முன்பே கவனித்தவள். ஆனால் இந்த வருஷமே போக வேண்டுமா, ஒரு வருஷம் தள்ளிச் சேருவதைப் பள்ளி ஒத்துக்கொள்ளுமா, அந்த ஒரு வருஷத்தில் எவ்வளவு சேர்க்க முடியும், கிராமப்புற மருத்துவமனை ஏதாவது வேலைக்கு வருவதாக எழுதிக்கொடுத்தால் படிப்புச் செலவில் கொஞ்சம் ஏற்குமா, இதெல்லாம் பார்க்க வேண்டும். கணவரையும் கூட்டிக்கொண்டு வரச் சொல்லியிருக்கிறேன். இரண்டு பேரும் சேர்ந்து உட்காராமல் இந்தக் கணக்கைப் போடக் கூடாது.

நேற்று அலமாரியிலிருந்து அந்த நோட்டை எடுத்து வைத்தேன். நடுவில் ஒரு பக்கம் இருக்கிறது. இடது பக்கம் 1,12,000 என்று எழுதி அடிக்கோடு போட்டிருக்கிறேன். வலது பக்கம், பித்தப்பை, 62 வயது, ஃபினைல்எஃப்ரின். என் கணவருக்கு மட்டும் காட்டிய பக்கம். ஞாயிற்றுக்கிழமை அவளுக்கும் காட்டப் போகிறேன்.